ஃபார்மேட் செய்யவா என்று அது கேட்டது

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர், தென்காசியில் நான் பகுதிநேரம் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி. என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் இருந்த பென்டிரைவை ஒரே அழுத்தில் காலியாக்கினார்.

அங்கே என் வேலை, விண்டோஸ் படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களில், அதற்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் சொருகி எழுப்புவது. இதே வேலையில் நொந்தவர்கள் இருந்தால் வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

பச்சை மேடு

சீசன் நேரம், குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். வரவேற்பறைக் கம்ப்யூட்டர் எழவில்லை. வாசலில் சாரலில் நனைந்தபடி ஆட்கள் அறைக்கு நிற்கிறார்கள். பென்டிரைவைச் சொருகி, லினக்ஸை ஓடவிட்டு, முன்பதிவு ஃபைலைத் திறந்தே காட்டிவிட்டேன். மேனேஜர் முகத்தில் மட்டும் தெளிவில்லை.

“எல்லாம் சரிதான் தங்கச்சி. விண்டோஸ் தெறந்ததும் வருமே, அந்தப் பச்சைப் புல்லு மேடு படம் எங்கன? அது இல்லாம நம்ம கம்ப்யூட்டர் மாதிரியே தெரியலையே.”

மினுக்கும் விளக்கு

வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் மகளின் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். லினக்ஸ் பென்டிரைவ் போட்டுக் கொடுத்து, ஓடும்போது இதைப் பிடுங்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்து நின்றார். திரை அப்படியே நின்றுபோச்சாம். பிடுங்கினீர்களா என்றேன்.

“பிடுங்காம? அதுல ஒரு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிக்கிட்டே கெடக்கு. கரண்டு வீணாப் போகுதேன்னுதான்.”

என் முறை

என் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிது வாங்கும்வரை நானும் பென்டிரைவில்தான் குடியிருந்தேன். லினக்ஸும் அதில், ப்ராஜெக்ட்டும் அதில். என் பெயரெழுதி ஒட்டியும் இருந்தேன்.

நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அண்ணாச்சி அதை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறார். லினக்ஸ் எழுதிய பென்டிரைவைப் படிக்க விண்டோஸுக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது. ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும்; உள்ளதையெல்லாம் அழித்துவிடவா என்று அர்த்தம். இவர் ஆமாம் என்று அழுத்தி, யாரோ ஒரு கஸ்டமருக்காக பென்டிரைவ் நிறையப் பக்திப் பாட்டும் ஏற்றிவிட்டார். மீட்கிற வேலைதான் என் வேலை. எனக்கே மீட்க ஒன்றும் மிச்சமில்லை.

வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருக்கலாமே என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். என் கைடு அதைச் சொல்லி முடித்துவிட்டார். முடித்துவிட்டு, “அடுத்த செமஸ்டர்ல பாப்போம்” என்றார்.

அண்ணாச்சியை நான் விடவில்லை. பெயர் ஒட்டிய பொருளைத் தொடலாமா? கூப்பிட்டுக் கேட்க நான் என்ன அடுத்த ஊரிலா இருந்தேன்? கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவருக்கு ஃபார்மேட் என்றால் என்னவென்று தெரியாதா? அவர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். ஆக, என் ஆறு மாதப் படிப்புக்குக் கடைசியில் கிடைத்த நியாயம் இவ்வளவுதான்:

“நீ இத்தன கேள்வி கேக்க தாயி. அது ஒத்தக் கேள்விதான் கேட்டுது, அதையும் தன்மையாக் கேட்டுது. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?”