மாட்டுக் கொட்டாயில் சாமந்தி

மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு வாத்தியாராகப் போன முதல் மார்கழியில், சாமந்தி நாற்றுகளை வீட்டுக்குள் தொட்டியில் வளர்த்தேன். பக்கத்துக் குடியானவரின் மனைவி, “பனி விட்டதும் மாட்டை ராத்திரியில வெளிய கட்டுவோமுங்க. அப்ப நட்டாப் போதுமுங்க” என்றார்.

மாட்டைக் கேட்டா பூ வளர்ப்பது என்று எரிந்து விழுந்துவிட்டு, தை முதல் தேதியே தோட்டத்தில் நட்டேன். மூன்றாம் நாள் காலையில் அத்தனை நாற்றும் பனியில் கருகிக் கிடந்தது. யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை.

அந்த அம்மா ஒரு கூடையோடு வந்தார். உள்ளே பசேலென்று நாற்றுகள்.

“நெருக்கமா இருக்குதுன்னு நீங்க புடுங்கி வீசினதுதானுங்க. கொட்டாய்ல, மாட்டுச் சூட்டுல வெச்சிருந்தேன்.”

கையை நீட்டினேன். அவர் கூடையை இடுப்போடு இழுத்துக்கொண்டார்.

“மாடு இன்னும் உள்ளதானுங்க படுக்குது.”