பாட்டில் அழுதது யார்

மழைக்கு நான் ஒதுங்கிய ஈப்போ நகர மண்டபத்தில் நாலைந்து பேர் சமஸ்கிருதக் கவிதை படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நீளமான கூட்டுச்சொல்லில் பிரிவும் கண்ணீரும் சேர்ந்திருந்தன. அழுவது ஊரைவிட்டுப் போனவனா, வீட்டில் இருப்பவளா என்று தெளிவில்லை. வந்திருக்கும் எல்லாரும் கருத்துச் சொன்ன பிறகுதான் அடுத்த பாட்டுக்குப் போவார்களாம்.

“நீங்க சொல்லுங்கண்ணே,” என்றார் பாடம் நடத்திய அக்கா.

“நான் பள்ளிக்கூடத்துல ஆறாம் ஆண்டோட நின்னவன்லா. செம்பனை எண்ணெய்த் தோட்டத்துல குலை வெட்டுறேன்.”

“இருக்கட்டும். காத்திருக்கோம்.”

தோட்டம் தோட்டமாக அலைந்த இத்தனை வருடத்தில் என் பேச்சுக்காக யாரும் காத்திருந்ததில்லை.

“போனவன்தான் அழுவான். வீட்டுல இருக்கறவளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இருக்கும். அவனுக்கு யாரு இருக்கா?”

“அனுபவம் பேசுதுலா!” என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

“அந்தச் சொல்லை அப்படியும் பிரிக்கலாம். அடுத்த வாரமும் வாங்கண்ணே,” என்றார் அக்கா.

அடுத்த வாரம் வேலை மாறி, தூரத்தில் பாகான் டத்தோவில் வேறு தோட்டத்தில் இருந்தேன். தனிமை எனக்குப் பழகிய ஒன்றுதான். அவர்கள் கூடும் அந்த நாளில் மட்டும் அது வலித்தது.