எழுபத்திரண்டு கோப்பிக் குப்பிகள்

ஐம்பத்து நான்கு வயதில், நல்ல வெயில் நேரத்தில், ஆபீஸ் கதிரையில் இருந்துகொண்டு, நான் செத்த பிறகு என் சாமான்கள் யார் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினேன். புத்தகங்கள் இன்னாருக்கு, கைக்கடிகாரம் இன்னாருக்கு, அலுமாரி இன்னாருக்கு. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு இடங்களில் எழுத்துப் பிழை திருத்தினேன். செத்த பிறகும் என் தமிழை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது அல்லவா? இத்தனைக்கும் காரணம் ஒரு கோப்பி மெஷின் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை. பயம் வந்ததில் வேறு எதற்கும் இடம் இருக்கவில்லை.

மெஷின் லண்டனில் இருந்து வந்தது. என் மனைவியின் தங்கை அங்கே குடும்பத்தோடு இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கப்பலில் அனுப்பிய பெட்டியில் துவாய், சவர்க்காரம், சவர்க்கார வாசம் ஏறிய சொக்லட் இவற்றுக்கு நடுவில் இதுவும் இருந்தது. கறுப்பாக, ஹெல்மெட் அளவில் ஒரு சாமான். கூடவே பெட்டி பெட்டியாகக் கோப்பிக் குப்பிகள். ஒவ்வொன்றும் விரலுக்கு மாட்டுகிற அளவு. உள்ளே தூளை அடைத்துச் சீல் வைத்திருந்தார்கள். ஒன்றை மெஷினின் வாயில் போட்டு, மூடியை அமுக்கி, பொத்தானைத் தட்டினால் அரை நிமிடத்தில் ஒரு சின்னக் கோப்பை கோப்பி இறங்கும். ஒரு குப்பி, ஒரு கோப்பை, ஒரு ஆள்.

அதற்கு முன்னால் எங்கள் பிலிமத்தலாவை வீட்டில் கோப்பி போட மூன்று வழிகள் இருந்தன. மூன்றைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. இரண்டால் சேதமும் உண்டு.

முதலாவது என் மனைவியின் வழி. நாவலப்பிட்டியில் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், மல்லியும் கொஞ்சம் சுக்கும் சேர்த்து அரைத்த தூளை மாதம் ஒரு தடவை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அதைக் கேத்தலில் போட்டுக் கொதிநீரை ஊற்றி மூடிவிடுவாள். ஐந்து நிமிடம் யாரும் கேத்தலைத் தொடக் கூடாது. பலமாக நடக்கவும் கூடாது. மண்டி அடியில் இறங்கியதும் மேலாக ஊற்றுவாள். கடைசி வாயில் கொஞ்சம் மண்டி நாக்கில் படும். கோப்பை காலி என்று அர்த்தம்.

இரண்டாவது, கோயில் பார்க்க இந்தியா போனபோது நான் வாங்கி வந்த பில்டர். அங்கே அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எங்கள் தூள் மாவு மாதிரி நைசானது. அது ஓட்டைகளை அடைத்துக்கொள்ள, கோப்பி சேலைன் மாதிரிச் சொட்டுச் சொட்டாக இறங்கும். பொறுமை கெட்டு அதைத் தட்டிப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாவது, ஆபீஸில் பரிசாகக் கிடைத்த கண்ணாடிக் குவளை. மேலே இருக்கும் கம்பி வலையை அமுக்கினால் தூள் அடியில் போய்விடும் என்பது திட்டம். நான் அமுக்கினேன். தூள் மேலே வந்தது. சமையலறைச் சுவரில் இன்றைக்கும் ஒரு பழுப்பு நிற இலங்கை இருக்கிறது. யாழ்ப்பாணப் பக்கம் மட்டும் கொஞ்சம் தெளிவில்லை.

மெஷினில் இந்த ஆபத்து ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் கோப்பியும் மோசமில்லை. மேலே பொன் நிறத்தில் நுரை கட்டி, கசப்பில் ஒரு கௌரவம் இருந்தது. முதல் வாரம் அந்தச் சின்னக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று, கண்டி ரோட்டில் போகும் லொறிகளை ஏதோ வெளிநாட்டு லொறிகளைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

பிறகு கலகெதரையில் இருந்து மனைவியின் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். ஏழு பேர். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: எல்லார் கைக்கும் கோப்பை வந்து சேரும் வரை யாரும் வாய் வைக்க மாட்டார்கள். சித்தப்பா பெரியவர் என்பதால் முதல் கோப்பை அவருக்குப் போனது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது கோப்பையில் மெஷின் தண்ணீர் கேட்டது. ஐந்தாவதில் கரண்ட் போனது. சித்தப்பா ஆறிப்போன கோப்பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, மிசின் ரொம்ப நல்லா இருக்கு. கோப்பி எப்ப வரும்?"

மனைவி அடுப்பில் கேத்தலை வைத்தாள். அடுத்த நாளில் இருந்து மெஷினுக்கு மேல் ஒரு துணி. குப்பிகள் எல்லாம் அலுமாரிக்குப் போயின, தனியாக வருகிற முக்கியமான விருந்தாளிக்கு என்று. எங்கள் வீட்டுக்கு முக்கியமானவர் யாரும் வருவதில்லை. தனியாகவும் யாரும் வருவதில்லை.

இந்த வருடம் லண்டனில் இருந்து போன் வந்தது. அடுத்த மாதம் தங்கை வருகிறாளாம். பேச்சோடு பேச்சாக, "மிசின் வேல செய்யுதா அக்கா?" என்று கேட்டாள்.

"செய்யாம என்ன? ஒங்க அத்தான் டெய்லி அதுலதான் குடிக்கிறாரு," என்றாள் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தாள். எண்ணிப் பார்த்தோம். எழுபத்திரண்டு குப்பிகள். எல்லாவற்றிலும் ஒரே திகதி. தங்கை வந்து இறங்குகிற வாரத்தோடு காலாவதி.

"இத அவ பாத்தா என்ன நெனப்பா? ஆசையா அனுப்பினத தொடக்கூட இல்லன்னு நெனக்க மாட்டாளா?"

"வீசிடலாமே," என்றேன்.

"சாப்பாட்டுச் சாமானயா? நல்லா இருக்கும் போதேயா?"

அவளுக்குக் கேஸ்ட்ரைட்டிஸ். மல்லி போட்ட கோப்பியைத் தவிர வேறு ஒன்றும் ஒத்துக்கொள்ளாது. எதிர் வீட்டில் கொடுத்தால் தங்கை வந்ததும் அவர்களே அவளிடம் நன்றி சொல்லிவிடுவார்கள். ஆகவே நான் முன்வந்தேன். குடும்பத்துக்காக ஒரு மனிதன் செய்யக்கூடிய தியாகங்களில் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு நாலு வீதம் பதினெட்டு நாள்.

இதில் நான் செய்த தவறு, மற்றதை நிறுத்தாமல் விட்டது. காலையில் கேத்தல் கோப்பியை வேண்டாம் என்றால் மனைவி மனம் நோவாள். ஆபீஸில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வருகிற பிளேன்டீயை வேண்டாம் என்றால் கொண்டுவருகிற அம்மா, "என்ன சேர், கோவமா?" என்று கேட்பார். யாரையும் நோகடிக்காமல் எல்லாவற்றையும் குடித்தேன். சனி ஞாயிறுகளில் சீக்கிரம் முடியட்டும் என்று ஆறு குப்பிகள்.

பத்தாம் நாள் காலை, பேராதனைக்குக் கிட்டே பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. மீன் தண்ணீரில் துள்ளுவது போல. நின்றது. மறுபடியும் துள்ளியது. கம்பியைப் பிடித்திருந்த உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

என் அப்பா ஐம்பத்து நான்கு வயதில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது. அந்த வயதை எப்போது எட்டுவேன் என்று முப்பத்தைந்து வருடங்களாக உள்ளுக்குள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இந்த வருடம் எட்டியிருந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பட்டியலை எழுதினேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம். படுத்தால் தூக்கம் வரவில்லை. அதையும் இதயத்தின் கணக்கிலேயே சேர்த்தேன். வாழ்க்கையின் அருமை தெரிந்துவிட்டதால் தெம்புக்காக இன்னும் ஒரு குப்பி கூடுதலாகப் போட்டுக் குடித்தேன். இவ்வளவு புத்தகம் படித்தவன் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பட்டியல் எழுதிய நாலாம் நாள், லைட் பில்லைத் தேடி என் பையைத் துழாவிய மனைவி அந்தக் காகிதத்தோடு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னங்க இது?"

சொன்னேன். பஸ், நெஞ்சு, அப்பா, வயது எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"அலுமாரிய யாருக்குக் குடுக்கிறதா எழுதியிருக்கீங்க? அது எங்க வீட்டுல எனக்குக் குடுத்தது. ஒங்களோடதே இல்ல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "செருப்பப் போடுங்க. வாங்க, போறோம்."

த்ரீவீலில் கண்டி வரைக்கும் என் கையை விடவே இல்லை. தனியார் கிளினிக் ஒன்றில் என்னைப் படுக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, நீளமான காகிதம் ஒன்றை எடுத்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். காகிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். சிகரெட் உண்டா என்றார். இல்லை என்றேன்.

"கோப்பி குடிக்கிறனீங்களோ?"

"கொஞ்சம்," என்றேன்.

"கொஞ்சமா?" மனைவி கதிரையில் முன்னால் நகர்ந்தாள். "காலைல என்கிட்ட ஒண்ணுங்க டொக்டர். அப்புறம் மிசின்ல ரெண்டு. ஆபீஸ்ல ரெண்டு பிளேன்டீ. வந்ததும் மிசின்ல ரெண்டு. பொழுது பட முந்தி என்கிட்ட இன்னொண்ணு. லீவு நாள்ல இன்னும் கூட."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "ஏன் ஐயா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்லத் தொடங்கியதும் அது பதில் மாதிரியே இருக்கவில்லை. "திகதி முடியப் போகுது... மச்சினி வர்றாங்க..." என்று இழுத்தேன்.

"உங்கட இருதயத்தில ஒரு பிழையும் இல்லை," என்றார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "கோப்பியை நிப்பாட்டுங்கோ. தேத்தண்ணியையும் குறையுங்கோ. ஒரு கிழமைக்குள்ள இது நிண்டுவிடும். நிக்காட்டி வாங்கோ. அப்பாக்கு வந்தது உங்களுக்கும் வரவேணும் எண்டு இல்லை. வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்தால் காணும்."

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஹோர்ன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு பஸ் என் கால்சட்டையில் சேறு அடித்துவிட்டுப் போனது. எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்துக் கடையில் நாலு உளுந்து வடை வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். மனைவி ஒன்றுதான் சாப்பிட்டாள். முப்பத்தைந்து வருடமாக நெஞ்சுக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எழுந்து, நேரமாகிவிட்டது போகிறேன் என்று சொன்னது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. மழை இருந்ததால் வசதியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மிச்சக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறித் தூளைக் கறிவேப்பிலை மரத்தின் அடியில் கொட்டினாள். "மரத்துக்குத்தானே போடுறேன், வீசல்லையே," என்று இரண்டு தடவை சொன்னாள். ஆறாம் நாள் என் நெஞ்சு அடங்கியது. ஏழாம் நாள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன்.

தங்கை வந்து இறங்கிய அன்றே அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறைக்க வேண்டும் என்றுதான் இருந்தாள்; ஆனால் கதை அவ்வளவு நன்றாக வந்துவிட்டிருந்தது. நான் நெஞ்சைப் பிடித்ததை நடித்தும் காட்டினாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு கேத்தல் கோப்பியில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ அத்தான், அதப் போயா குடிச்சீங்க? எங்க வீட்டுல ஒருத்தரும் அத வாயில வைக்க மாட்டேன்னுட்டாங்க. வீச மனசு வராமத்தான் ஒங்களுக்கு அனுப்பிவிட்டேன்."