பல் இல்லாத மெஷின்

தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்கேல் அக்கா. ஸ்டூடியோவில் வேலை பார்த்த இருபத்திரண்டு வருடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பாஸ்போர்ட் போட்டோ வெட்டும்போது மற்றவர்கள் கண்ணாலேயே அளவு பார்ப்பார்கள். அவர் இடுப்பில் செருகிய இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்துத்தான் கத்தியைத் தொடுவார். "மாப்பிள்ளை பார்த்தப்பவும் ஸ்கேல் வச்சுத்தான் பாத்தியா?" என்று முதலாளி ஒருநாள் கிண்டல் செய்தார். "பாத்திருந்தா உங்ககிட்ட எதுக்கு வேலைக்கு வர்றேன்?" என்றாராம்.

ஸ்டூடியோ மூடிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், சொந்தமாக ஒரு தொழில் தொடங்க நினைத்தார். ஒரு காலத்தில் வசதியான வீடுகளில் சின்ன ஃபிலிம் கேமரா வாங்கி, குழந்தை தவழ்வதையும் கடற்கரைக்குப் போனதையும் படம் பிடித்து வைத்தார்கள். அந்த ரீல்கள் இன்று பீரோ அடியில் தகர டப்பாக்களில் கிடக்கின்றன. ஓட்டிப் பார்க்க ப்ரொஜெக்டர் இல்லை. அவற்றைப் பென் டிரைவில் ஏற்றித் தருவதுதான் தொழில்.

அக்கா குடியிருந்தது அண்ணன் வீட்டின் பின்கட்டில். தெருவைப் பார்த்த முன்னறையைத் தருவதாக அண்ணன் சொன்னார். மெஷினையும் அவரே பேசி முடித்துவிட்டார். அவருடைய நண்பர் பழைய ஸ்டூடியோ சாமான்களை வாங்கி விற்பவர். அக்கா போய்ப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மூன்று பேரும் வியாபாரியின் கடையில் நின்றார்கள். மெஷின் பளபளவென்று இருந்தது. பழைய ப்ரொஜெக்டர் ஒன்றில் கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். வியாபாரி ஒரு ரீலை மாட்டி ஓட்டினார். பூச்செடி, நாய், மறுபடியும் பூச்செடி. படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"நாலு நிமிஷ ரீலு, நாலே நிமிஷத்துல முடிஞ்சுது. பாத்தியா தங்கச்சி?" என்றார் வியாபாரி.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. ஓடி முடித்த ஃபிலிமின் ஒரு முனையை மேஜைமேல் நீட்டி வைத்து, ஓரத்து ஓட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

"என்னம்மா பண்றே?" என்றார் அண்ணன்.

"எண்ணுறேன்."

நூறு ஓட்டை வந்ததும் ஸ்கேலை இரண்டு தடவை வைத்து அளந்தார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர். புது ஃபிலிமின் அளவு அப்படியே இருந்தது. "இது பெட்டியிலயே இருந்த ஃபிலிம். யாரும் ஓட்டினதே இல்ல, சுருங்கவும் இல்ல. எங்கிட்ட வர்றது இப்படியா இருக்கும்?"

ஃபிலிம் வயதானால் சுருங்கும். நூறு ஓட்டைக்கு நாலு மில்லிமீட்டர்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ப்ரொஜெக்டருக்குள் ஒரு பல் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அது ஓட்டையில் நுழைந்து ஃபிலிமை இழுக்கும். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் பல் கிழித்துக்கொண்டு போகும்.

இதை அக்கா புத்தகத்தில் படிக்கவில்லை. ஸ்டூடியோவில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நர்ஸ் தன் மகளின் ரீலைக் கொண்டுவந்தார். சுவரில் ஓட்டி வீடியோ எடுக்கச் சொன்னார் முதலாளி. பாதியில் மெஷின் கடகடத்தது. பழைய மெஷின், அப்படித்தான் கத்தும் என்று நினைத்து அக்கா விட்டுவிட்டார். நிறுத்தியபோது ஒரு சாண் நீளம் கந்தலாகியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக் கொடுத்தார். நர்ஸ் திட்டவில்லை. "பாப்பா கதவு வரைக்கும் ஓடுவாளே, அது எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு சாண் இன்னும் அக்காவின் மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

"அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, அது என்ன?" என்று கேட்டார் அக்கா.

வியாபாரி சிரித்தார். "அதுவா? வாங்கினவன் ஒரே மாசத்துல திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டான். பல்லே கிடையாது, வெறும் ரப்பர் உருளை. ஓட்டை எங்க இருக்குன்னு ஒரு விளக்கு வச்சுத் தேடித் தேடி ஒவ்வொரு படமா எடுக்கும். நாலு நிமிஷத்துக்கு அரை மணி நேரம்! பல்லு இல்லாதது எப்போ மென்னு முடிக்கிறது?"

"மெல்ல வேண்டாம்னுதான் கேக்குறேன். அதைக் குடுங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "நான் வாக்குக் குடுத்துட்டேன். என் மானத்தை வாங்காதே. இந்த மெஷினுக்கு என்ன குறை? எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"ஒண்ணும் ஆகாது தங்கச்சி, நான் கேரண்டி," என்றார் வியாபாரி.

அக்கா அண்ணனை நேராகப் பார்த்தார். "சரி, இதையே எடுத்துக்குறேன். வீட்டுக்குப் போய் அண்ணி ரீலைக் கொண்டா. மொதல்ல அதை ஓட்டுவோம்."

அண்ணி இறந்து முப்பது வருடம். கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்து வெட்கப்படுகிற ஒரே ஒரு ரீல் இருக்கிறது. அண்ணன் அதைச் சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

வியாபாரி, "கொண்டாங்களேன், இப்பவே போட்டுருவோம்," என்றார்.

அண்ணன் மெஷினின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது வேண்டாம்," என்றார்.

"ஏன் வேண்டாம்? அவர்தான் கேரண்டி குடுக்குறாரே."

"அது வேண்டாம்னா விடேன்."

"அப்போ ஊரார் வீட்டு அண்ணிய மட்டும் போடலாமா?"

அண்ணன் கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி, "முன்ரூம் கிடையாது. மொபைல் கடைக்காரன் கேட்டுட்டே இருக்கான், அவனுக்கே விடப்போறேன்," என்றார்.

"விட்டுக்கோ."

பல் இல்லாத மெஷின் ஆட்டோவில் வந்து இறங்கியது. முன்னறை பூட்டியிருந்தது. அக்கா தன் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். அந்த இடத்தில் மேஜை போட்டார். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டார். முதல் வாரம் முழுக்கத் தன் கைவசம் இருந்த வீணான ஃபிலிம்களையே ஓட்டினார். மாத்திரை டப்பாவில் இருந்த ஒரு சாணை ஒன்றுக்குப் பத்தாக டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தார். திரையில் ஒரு குழந்தை, கந்தல் ஓரத்தோடு, கதவு வரைக்கும் ஓடியது. அதன் பிறகுதான் வாசலில் போர்டு மாட்டினார்.

அண்ணன் பதினெட்டு நாள் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் பின்கட்டுக்கு வந்து ஒரு தகர டப்பாவை மேஜைமேல் வைத்தார். அக்கா திறந்து முகர்ந்தார். லேசாகப் புளித்த வாசம், ஃபிலிம் கெடத் தொடங்கியதன் அடையாளம். நூறு ஓட்டை எண்ணி அளந்தார்.

"நாலரை மில்லிமீட்டர் கம்மி," என்றார்.

"அந்த மெஷின்ல போட்டிருந்தா?"

"மொட்டைமாடி மட்டும் மிஞ்சியிருக்கும்."

அண்ணன் டப்பாவை மெஷின் பக்கம் தள்ளினார். "இப்பவே போடு, பாக்கலாம்."

"உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. செவ்வாய்க்கிழமை வா."

"நான் உன் அண்ணன்டி!"

"தெரியும். அதனாலதான் வாசல்ல நிக்க வைக்காம உள்ள விட்டேன்."

அண்ணன் பாக்கெட்டிலிருந்து முன்னறைச் சாவியை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மொபைல் கடைக்காரன் வரலையாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா சாவியைத் தொடவில்லை. இடுப்பிலிருந்து ஸ்கேலை உருவினார்.

"இரு. அந்தக் கதவுல என் மேஜை நுழையுமான்னு அளந்துட்டு வந்து சொல்றேன்."