எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு பாரிஸ் பூதம்

அந்தக் காலத்தில் நான் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தைத் தாண்டி எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. ஆனால் பிரான்ஸ் தேசத்துப் பழைய பேராலயம் ஒன்றுக்குள் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டிருந்தாலும், பீடம் எங்கே, வண்ணக் கண்ணாடி பதித்த வட்டச் சன்னல் எங்கே என்று தூணில் முட்டாமல் சொல்லியிருப்பேன். மாத்தளைக் கடைத்தெருவில்தான் அடிக்கடி வழி தவறினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊர் நூலகத்திலிருந்த ஒரு தடித்த படப் புத்தகம். வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதியில்லை. எனவே பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே போய் உட்கார்ந்து, கோதிக் கட்டடக் கலையை ஒரு வருடமாக மேய்ந்தேன். கூர்நுனி வளைவுகள், கல்லால் பின்னிய கூரை விலா எலும்புகள், சுவர் சரியாமல் வெளியே நின்று கைகொடுக்கும் முட்டுத்தூண்கள். பாரத்தை வெளியே இருக்கிறவன் தாங்கிக்கொண்டதால், உள்ளே இருக்கிற சுவர் மெலிந்து, முழுக்கச் சன்னலாகி, வெளிச்சத்தில் மிதக்கிறது. குடும்பத்தில் என் நிலையும் முட்டுத்தூணின் நிலைதான் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்ப வெளியவே நில்லுங்க" என்றாள்.

நான் சரித்திரம் கற்பிக்கும் வாத்தியார். மாற்றலாகி மாத்தளைக்கு வந்து, நகரத்தின் ஓரத்தில், நாலந்தா போகும் பாதையில் ஒரு சிறிய வீடு வாங்கியிருந்தோம். அதற்கு ஒரு நல்ல சமையலறை இல்லை. கட்டுவது என்று தீர்மானமானதும், புத்தகம் என் மண்டைக்குள் விரிந்துகொண்டது.

முதலில் கூர்நுனிச் சன்னல் கேட்டேன். வாங்கி வைத்த சன்னல் கதவு சதுரமாக இருப்பதை மனைவி சுட்டிக்காட்டினாள். முட்டுத்தூண் கேட்டேன். வீடு விழப்போகிறது என்று ஊர் பேசும் என்றாள். கடைசியில் பேராலயத்தில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. சமையலறைக்குத் தட்டையான கொங்கிரீட் கூரை. மழைத் தண்ணீர் வெளியே விழ ஒரு பீலி வேண்டும். பேராலயங்களில் அந்தப் பீலியைத்தான் வாய் பிளந்த பூதமாகச் செதுக்கி வைப்பார்கள். தண்ணீர் பூதத்தின் தொண்டை வழியாக வந்து, சுவரைத் தொடாமல் தள்ளிப்போய் விழும்.

"பீலிக்கு முகம் என்னத்துக்கு?" என்றாள் மனைவி.

"அதுதான் கலை."

"சரி, கலை ஒழுகாம இருந்தா போதும்."

மேசன் நாவுலப் பக்கத்துச் சிங்களவர். எங்கள் பகுதியில் மேசனை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம்; அவர் என்னை ஐயா என்கிற மரியாதையில் 'மாத்தயா' என்பார். புத்தகத்தைக் கொண்டுவந்து காட்ட முடியாதாகையால் வாயால் விளக்கினேன்.

"மாத்தயா, அது சிங்கமா?"

"சிங்கம் இல்ல பாஸ்."

"யக்காவா?"

"பேய்னும் சொல்லலாம். ஆனா கொஞ்சம் படிச்ச பேய்."

பாஸ் தலையைச் சொறிந்தார். வேறு வழியில்லாமல் நானே மணல் குவியலில் ஏறிக் குந்தி, கழுத்தை முன்னுக்கு நீட்டி, கண்ணைப் பிதுக்கி, வாயை ஆனமட்டும் பிளந்து காட்டினேன். பல வருடம் வகுப்பெடுத்தவனுக்கு வாயைத் திறந்து வைத்திருப்பது பெரிய சிரமமல்ல. பாஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியே கொஞ்சம் இருங்க மாத்தயா" என்று என்னைச் சுற்றி ஒரு நடை வந்து பார்த்தார். அந்த வார முடிவில் பூதம் கூரை விளிம்பில் ஏறியது. கூரையின் வாட்டம் அந்தப் பக்கமாக இருந்ததால், அது வேலியைப் பார்த்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீடு.

பக்கத்து வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே இருந்தவர் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி. நாங்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்போம். அவருடைய மனைவி என் மனைவிக்கு ராத்தா, அதாவது அக்கா. ஊருக்குப் புதிதாக வந்து, பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியை வேலியோரம் கூப்பிட்டு, "என்ன புள்ள, ஆக்கியாச்சா?" என்று கேட்ட முதல் ஆள் ராத்தாதான். அந்தக் கேள்விக்கான பதில் அதன்பின் முடியவேயில்லை. காலையில் விட்ட இடத்திலிருந்து பின்னேரம் தொடங்கும். பெருநாளைக்கு வட்டிலாப்பம் இந்தப் பக்கம் வரும். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அந்தப் பக்கம் போகும். என் மனைவிக்கு மாத்தளை என்பது அந்த வேலிதான்.

பூதம் ஏறிய மறுநாள் ராத்தா வேலிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மிளகு காயப்போட்ட பாய்கூட வீட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. மனைவி வேலியருகே நின்று தொண்டையைச் செருமிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

காரணம் பஸ் தரிப்பில் தெரிந்தது. நானா என்னைக் கண்டதும் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கிறன். எங்கட கண்ணு அவ்வளவு பொல்லாத கண்ணா?"

"என்ன நானா இது?"

"நீங்க கல்லு வெச்ச நாள்ல இருந்து, எத்தன தடவ நான் வேலியில நிண்டு 'மாஷா அல்லாஹ்' செல்லியிருப்பன்? கண்ணூறு பட்டிடக் கூடாதெண்டுதானே? அந்தச் செவுத்துக்கு நான் செல்லாத மாஷா அல்லாஹ் ஈக்கா? அதுக்குப் பொறகும் எங்கட வீட்டப் பாக்க வெச்சு ஒரு கண்ணூறுப் பொம்ம!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதிதாகக் கட்டும் எந்த வீட்டிலும் கண்ணூறு கழிக்க ஒரு வைக்கோல் பொம்மையாவது தொங்கும். எவர் கண்ணுக்குப் பயமோ அவர் பக்கம் அதைத் திருப்பி வைப்பார்கள். என் பூதமோ நானாவின் வாசலை நேராகப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் விரிவுரை தொடங்கினேன்.

"நானா, இது பாரிஸ்ல உள்ளது. பெரிய பெரிய வேதக் கோயில்லயெல்லாம் வெச்சிருக்காங்க."

"வேதக் கோயில்லயா? கும்பிடுற இடத்திலயா பேய வெப்பாங்க?"

"தண்ணி போறதுக்குத்தான். ஆனா கெட்டதுகள் உள்ளுக்கு வராம விரட்டுறதுக்கும்னு சில அறிஞர்கள்..."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கே புரிந்துவிட்டது. நானா தலையை மெல்ல ஆட்டினார்.

"கெட்டதுகள வெரட்டுறதுக்கு. நீங்களே செல்லிட்டீங்க, மாஸ்டர்."

பஸ்ஸில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி சத்தம் போடவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இங்க பாருங்க. உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, லைப்ரரி இருக்கு, பாரிஸ் இருக்கு. எனக்கு ராத்தா ஒராள்தான் இருக்காங்க. அவங்க பேசலன்னா இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? அத ஒடச்சிப் போடுங்க."

புதிய சமையலறை, சதுரச் சன்னல், நன்றாக எரியும் அடுப்பு. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு நன்றாக இல்லை. அன்றே பாஸுக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்கிடையில் நூலகத்துக்குப் போய் என் பூதத்துக்குக் கடைசி மரியாதையாகப் புத்தகத்தைப் புரட்டினேன். நான் மாதிரியாக எடுத்துக்கொண்ட பூதம், பின்னால் வந்த பழுதுபார்ப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்டது, அது தண்ணீர் விடுவதும் இல்லை என்று படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஒரு வருடம் படித்தவன் அதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. ஐப்பசி மழை, மலையிலிருந்து இறங்கி வந்து ஊரையே அறைகிற மழை. கூரையில் தண்ணீர் தேங்கி, பூதம் முதலில் இரண்டு தரம் செருமியது. பிறகு வாய் நிறையக் கொட்டத் தொடங்கியது. எங்கள் பக்கத்து வடிகால் கானில்தான் விழுந்தது, சுவரில் ஒரு துளி படவில்லை. கோதிக் கலை வென்றுவிட்டது, ஆனால் கைதட்ட ஆளில்லை என்று நான் சன்னலருகே நின்று துக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு.

"அல்லாவே! இஞ்ச வந்து பாருங்கோ! இது நம்மட மாஸ்டரெல்லா!"

ராத்தாவின் குரல். நானா குடையோடு வெளியே வந்தார். கூரையைப் பார்த்தார். சன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். மறுபடியும் கூரை. மறுபடியும் நான். எனக்கு வாய் திறந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"மாஸ்டர்! உங்கட மொகத்தயா வெச்சீங்க?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏறின அன்னைக்கே தெரியும். அந்தக் கழுத்து வேற யாருக்கு இருக்கு?"

"ஏன் சொல்லல?"

"நீங்க கலைன்னீங்க."

பேராலயம் கட்டிய கல்தச்சர்கள் தங்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் முகத்தையே மூலையில் செதுக்கிப் பழிதீர்ப்பார்கள் என்று சொல்வதுண்டு. அதை வகுப்பில் நான் சிரிப்போடு சொல்லிவந்திருக்கிறேன். பாஸ் பழியெல்லாம் தீர்க்கவில்லை. காட்டியதைச் செய்தார்.

மழை விட்டதும் அவர் சுத்தியலோடு வந்து சேர்ந்தார். நானா வேலியைத் தாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பா, ஒடைக்காதீங்க! எங்களக் கண்ணூறெண்டு நெனச்சு வெச்சதெண்டுதான் கோவம். மாஸ்டரே கூரையில ஏறி எங்களப் பாத்துட்டு ஈக்கிறதெண்டா, அதுக்கென்ன?"

மனைவியும் ராத்தாவும் அதற்குள் வேலியருகே போய்விட்டிருந்தார்கள். விட்டுப்போன அத்தனை நாள் பேச்சையும் அன்று பின்னேரமே பேசி முடிப்பது என்று இருந்தார்கள் போலும். எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை. பாஸுக்கும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்த வருடங்களில் ஒவ்வொரு மழைக்கும், முதல் சொட்டு பூதத்தின் வாயிலிருந்து விழுந்ததும் வேலிக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் கேட்கும்:

"மொளகுப் பாய எடுங்கோ! மாஸ்டர் பேசத் தொடங்கிட்டார், இனி இப்போதைக்கு நிப்பாட்ட மாட்டார்!"