எடுக்காத இடது கை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் பேயா என்கிறார்கள். அதுவும் பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில்... நம்பித்தான் ஆகவேண்டும் என்று நான் யார் காலிலும் விழப்போவதில்லை. ஆனால் இதைப் பார்த்த பரந்தாமன் பொய் சொல்ல வராத ஆள். வந்திருந்தால் அவன் பிழைப்பு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

1995, ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த சமயம். பரந்தாமனுக்கு இருபத்தாறு வயது. கஜபதி என்பவரின் சின்னக் கம்பெனியில் வேலை. தகடு வெட்டும் பவர் பிரஸ் மிஷின்களுக்கு அங்கே கன்ட்ரோல் போர்டு செய்வார்கள். பிரஸ்ஸில் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் மிஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் அடியில் மாட்டாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இதைக் கவனித்துக்கொள்ள போர்டில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் உண்டு. அந்தச் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது பரந்தாமன்.

எழுதியதைச் சிப்பில் ஏற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு ஓட்டிப் பார்ப்பான். பச்சை எழுத்துத் திரை. கீபோர்டில் 'ஏ' கீதான் இடது பட்டன், 'எல்' கீ வலது பட்டன். அமுக்கினால் திரையில் அந்தப் பட்டனுக்கு நேராக 1 இருந்த இடத்தில் 0 வரும். இரண்டும் 0 ஆனால் ஒரு 'பீப்'. மிஷின் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நிஜ மிஷின் வேண்டாம், தகடு வேண்டாம், யார் விரலுக்கும் ஆபத்தில்லை. பெற்ற தாய் சொன்னால்கூட இன்னொரு தடவை யோசிப்பான், சிமுலேட்டர் சொன்னால் யோசிக்க மாட்டான். அப்படி ஒரு நம்பிக்கை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை 11.20 மணிக்குத் துலுக்கானம் சைக்கிளில் வந்து இறங்கினார். பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் மிஷின் எண்ணெய். உள்ளே வரவே கூச்சப்பட்டார்.

"சார், ஒரு தபா அமுக்குனா மிஷின் ரெண்டு தபா வருது சார். எப்பவும் இல்ல... எப்பவோ ஒரு தபா. இன்னான்னு கொஞ்சம் பாரு சார்."

பரந்தாமன் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். நீங்களே அமுக்கிப் பாருங்கள் என்றான். அவர் முதலில் இடது கையை வைத்தார். அரை நொடி கழித்து வலது கை. பீப். இரண்டு கையையும் எடுத்தார். மறுபடி இடது, அரை நொடி, வலது. பீப். பத்து தடவை அமுக்கினால் பத்து பீப். ஒன்றுகூட அதிகம் இல்லை.

பதினோராவது தடவை அவர் வலது கையை மட்டும் எடுத்தார். இடது கையை 'ஏ' கீயிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு பரந்தாமன் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

"கையை எடுங்கண்ணே. அப்படி அமுக்கிகிட்டே இருக்கக் கூடாது" என்று சொல்லி, பரந்தாமனே அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டான். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை, நீங்கள்தான் கவனமில்லாமல் அமுக்கியிருப்பீர்கள் என்றும் சொன்னான்.

கம்ப்யூட்டரே சொன்னால் சரிதான் சார் என்று துலுக்கானம் எழுந்து போனார். 'ஏ' கீயில் எண்ணெய்க் கட்டைவிரலின் தடம் பதிந்திருந்தது. பரந்தாமன் அதைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துலுக்கானத்தின் இடது கை பிரஸ்ஸில் மாட்டியது.

வியாழக்கிழமை காலையில் அந்த போர்டு கஜபதியிடம் திரும்பி வந்தது. விபத்து நடந்தபோது இடது பட்டனை யாரோ சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்களாம். எஸ்டேட் முழுக்க நடக்கிற விஷயம்தான். ஒரு பட்டனைக் கட்டிவிட்டால் இடது கையால் தகட்டை வைத்து எடுக்கலாம், வலது கையால் அமுக்கலாம், வேலை சீக்கிரம் ஓடும். மேஸ்திரிகள் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார்கள்.

"நம்ம போர்டுல தப்பு இல்லன்னு ஒரு லெட்டர் எழுதிடு பரந்தாமா" என்றார் கஜபதி. "கட்டுனது அவன். நாம இன்னா பண்ண முடியும்?"

லெட்டர் போனால் பழி முழுக்கத் துலுக்கானத்தின் தலையில் விழும். பரந்தாமனுக்கு மனசு ஒப்பவில்லை. பிழைத்து வந்துவிடுவார் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது? கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தான்.

மணி 1.15. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியே தூறல். பரந்தாமன் சிமுலேட்டரை ஓடவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தான்.

1.21. திரையில் இடது பட்டன் 0 ஆனது.

அவன் கை டிபன் பாக்ஸில் இருந்தது. கீபோர்டை யாரும் தொடவில்லை.

கீ சிக்கியிருக்கும் என்று எட்டிப் பார்த்தான். 'ஏ' கீ உள்ளே அழுந்திக் கிடந்தது. நகத்தால் நெம்பினான். வரவில்லை.

அப்போது வலது பட்டன் 0 ஆனது.

பீப்.

1 ஆனது. மறுபடி 0. பீப். 'எல்' கீ கீழே போய்ப் போய் வந்தது. நாலு நொடிக்கு ஒரு தடவை. தகட்டை வைக்க, அமுக்க, எடுக்க... ஒரு மனுஷன் வேலை செய்கிற கணக்கு அது.

பரந்தாமன் கீபோர்டின் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினான்.

பீப்.

நிற்கவில்லை.

பீப்... பீப்... அறையில் மிஷின் எண்ணெய் வாடை வந்தது. முதலில் லேசாக. அப்புறம் குமட்டுகிற அளவுக்கு.

எழுந்து ஓடியிருக்கலாம். ஒயர் இல்லாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான்.

1.38. வலது பட்டன் 0 ஆனது. இந்தத் தடவை 1 ஆவதற்கு ஒரு கணம் தாமதம்...

பீப். பீப்.

இரண்டு தடவை.

புரோகிராமின் வரிகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. பரந்தாமன் பார்த்தான். மிஷின் மேலே போனதும் புரோகிராம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: இரண்டு பட்டனும் அமுங்கியிருக்கிறதா? நடுவில் இரண்டு கையையும் எடுத்தார்களா என்று அது கேட்கவே இல்லை. அந்த ஒரு வரியை அவன் எழுதவே இல்லை. சோதிக்கும்போதெல்லாம் அவன் நல்ல பிள்ளையாக இரண்டு கீயையும் விட்டுவிட்டுத்தான் மறுபடி அமுக்கினான். கட்டிவைத்த பட்டன் அவன் சிமுலேட்டருக்குள் வந்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில்.

வாயால் சொல்லப் பயந்த மனுஷன் கையால் சொன்னார். அந்தக் கையை இவன்தான் பிடித்து எடுத்துவிட்டான்.

பரந்தாமன் அழுதான். மடியில் இருந்த 'ஏ' கீயைத் தொட்டான்.

சூடாக இருந்தது.

கம்ப்யூட்டர் சூடில்லை. உடம்புச் சூடு.

பீப்...

"புரிஞ்சுது அண்ணே" என்றான். மறுபடி சொன்னான்.

"புரிஞ்சுது. கையை எடுங்க."

டக்.

'ஏ' கீ மேலே வந்தது.

திரையில் 1.

சுவர்க் கடிகாரத்தில் மணி 1.43.

சாப்பிட்டுவிட்டு வந்த கஜபதி லெட்டர் எங்கே என்றார். தப்பு நம்முடையது என்றான் பரந்தாமன். கஜபதிக்குக் கோபம் வந்தது. துலுக்கானம் பட்டனைக் கட்டியது உண்மையா இல்லையா என்று கத்தினார்.

"கட்டினா ஓடக் கூடாது சார். அதுக்குத்தானே நம்ம போர்டு."

கஜபதி கெட்டவர் இல்லை. அதே போர்டு இன்னும் பதினோரு மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். 2.10-க்கு பாடியிலிருந்து போன் வந்தது. துலுக்கானம் போய்விட்டார். கஜபதி போனை வைத்துவிட்டு, எல்லாச் சிப்பையும் மாற்றிவிடு என்று மட்டும் சொன்னார்.

பதினோரு மிஷினிலும் மாற்றினான். இரண்டு கையையும் எடுத்தால்தான் அடுத்த தடவை இறங்கும். லெட்டரும் எழுதினான், உள்ளது உள்ளபடி. அதைப் படித்த பிறகு அந்தக் கம்பெனியில் அவனை யாரும் முன்போல் நடத்தவில்லை. அது வேறு கதை.

ஒரு வாரம் கழித்துத் திருமுல்லைவாயிலில் துலுக்கானத்தின் வீட்டைத் தேடிப் போனான். அவர் மனைவி ராஜம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உங்கள் வீட்டுக்காரர் மேல் மட்டும் தப்பில்லை, என் மேலும் தப்பு என்று லெட்டரின் நகலை அவள் முன்னால் வைத்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் காகிதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே பேசினாள்.

"செவ்வாக்கிழமயே கைய எடுத்துட்டாங்க சார், முட்டிக்குக் கீழ. கை போச்சுன்னு அந்த மனுசனுக்கும் தெரியும். ஆனா ரெண்டு நாளா ஒரே பேச்சு. 'இடது கை இன்னும் அமுக்கிகினே கீது ராஜம்மா, எடுக்க முடியல'ன்னு. இல்லாத கைய எப்படி சார் எடுக்கறது?"

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டான் பரந்தாமன்.

"வியாழக்கிழம மதியம் கண்ணத் தொறந்து சிரிச்சுது. 'எடுக்கச் சொல்லிட்டாங்க, எடுத்துட்டேன்'னுது. அதோட சரி. ஒண்ணு நாப்பத்திமூணுன்னு நர்ஸம்மா சீட்டுல எழுதுச்சு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க நான் மட்டுந்தான் கீறேன். யாரு சார் சொல்லியிருப்பாங்க?"

கையை எடுங்கள் என்று பரந்தாமன் துலுக்கானத்திடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். முதல் தடவை சொல்லாமல் இருந்திருந்தால், இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்திருக்காது.