நான் ஒதுக்கிய மணிகள்

ஆராய்ச்சியின் ஆறாம் ஆண்டில் என்னைப் பார்த்து "எப்ப முடியும்?" என்று கேட்காத ஒரே ஆள் என் அம்மாதான். அந்தக் கேட்காமை பெரிய தொந்தரவு. இடுக்கியில் எங்கள் ஊர் கம்பம்மெட்டில், ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஒரு ஸ்டோரில் அவளுக்குத் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலை. முட்டி இரண்டும் போய்விட்டன. நான் பட்டம் வாங்கும் அன்றைக்கு வேலையை விட்டுவிடுவேன் என்று ஸ்டோர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் இழுத்தடித்த ஒவ்வொரு மாதமும் அவள் தரையில் உட்கார்ந்த மாதம்.

என் வேலை மணலுக்கு வயது பார்ப்பது. மலை தேய்ந்து மணலாகி, ஆற்றோடு போய், எங்கோ படிந்து, பூமிக்கடியில் வெந்து மறுபடி கல்லாகிறது. அந்தக் கல்லுக்குள் சிர்கான் என்ற மணி மட்டும், கடுகில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாதது, இத்தனைக்கும் அழியாமல் கிடக்கும். அதிலுள்ள யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். எவ்வளவு மாறியது என்று அளந்தால் மணி பிறந்த காலம் தெரியும். நிறைய மணிகளின் வயதைச் சேர்த்துப் பார்த்தால், மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். அந்த மலை இன்று இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பாலக்காட்டுப் பக்கமும் இடுக்கிப் பக்கமும் ஒரு காலத்தில் தனித்தனி நிலங்களாக இருந்து, பிறகு மோதி ஒட்டிக்கொண்டவையா? இதுதான் என் கேள்வி. பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்கு அருகிலுள்ள குன்றிலிருந்து ஒரு கல் எடுத்தோம், கம்பம்மெட்டுச் சாலைக்காக வெட்டிய பாறையிலிருந்து ஒரு கல்.

வடகரப்பதிக் கல்லைச் செய்தவள் அந்த ஊர்க்காரியே, ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள். கல்லை உடைத்து, சலித்து, கழுவிய பிறகு, நுண்ணோக்கிக்குக் கீழே ஊசிமுனையால் மணிகளைப் பொறுக்கி ஒட்டுநாடாவில் வைக்க வேண்டும். அவள் பொறுக்கவே இல்லை. கிடைத்ததை அப்படியே நாடாவில் தட்டிவிட்டாள்.

"ஏனுங்க்கா, இதுல பொறுக்கறதுக்கு என்னங்க இருக்குது? எல்லாமே மணிதானுங்க" என்றாள். சோம்பேறி என்று மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டும் ஒரு தடவை திட்டியிருக்கிறேன்.

என் ஊர்க் கல்லை நானே செய்தேன். மூன்று வாரம் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொண்டது. நாடாவில் வைத்த ஒவ்வொரு மணியும் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு அதில் பெருமை வேறு.

லேசர் வைத்து அளக்கும் கருவி வெளியூரில் இருந்தது. மாதக்கணக்கில் காத்து முறை வாங்கி அளந்தோம். அவளுடைய கல்லில் மிகப் பழைய மணிகள் ஏராளம், என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. எங்கள் வழிகாட்டி கல்பாத்திக்காரர், எளிதில் சிரிக்காத அம்மையார். அன்றைக்குச் சிரித்தார். "நன்னா வந்திருக்கு. ரெண்டு நிலம்னு தைரியமா எழுது" என்றார். எழுதினேன். முடிந்த மாதிரிதான் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவை அழைத்து வர ஸ்டோருக்குப் போனேன். அவள் முன்னால் இன்னும் ஒரு குவியல் இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட லீவு நாட்களில் எல்லாம் செய்த வேலை. திரண்ட பச்சைக் காய் இந்தப் பக்கம், கறுத்ததும் வெடித்ததும் அந்தப் பக்கம். பார்க்கக்கூட வேண்டியதில்லை, விரல்கள் தாமாக ஓடின.

பாதியில் அந்த விரல்கள் நின்றுவிட்டன. மணி எவ்வளவு பழையதோ அவ்வளவு காலம் யுரேனியம் அதை உள்ளிருந்தே சிதைத்திருக்கும். பழைய மணிகள் பெரும்பாலும் பழுப்பேறி, விரிசல் விட்டுத்தான் கிடைக்கும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, எனக்கும் மனப்பாடம். ஆனால் படித்தது தலை, பொறுக்கியது கை. பழுப்பையும் விரிசலையும் ஒதுக்கி, மூன்று வாரமும் நான் ஏலக்காய்தான் பொறுக்கியிருக்கிறேன்.

"என்னத்தா, காலு மரத்துப்போச்சா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

வெளியே வந்து அரைமணி நேரம் சும்மா நின்றேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு களைத்திருந்தேன். கடைசியில் வழிகாட்டியை போனில் அழைத்துச் சொன்னேன். எப்படிப் பொறுக்கினேன் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு, "ஒதுக்கினதை வெச்சிண்டிருக்கியோ, எறிஞ்சுட்டியோ?" என்றார்.

"இருக்கு மேடம்."

மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஒதுக்கியவற்றை நாடாவில் ஏற்றி, மறுபடி மாதக்கணக்கில் காத்து, கருவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வடகரப்பதிக்காரியும் துணைக்கு வந்திருந்தாள். முதல் பழுப்பு மணிக்கு அவளுடைய கல்லிலிருந்த பழைய மணிகளின் வயதே வந்தது. இரண்டாவதற்கும் அதே. மதியத்துக்குள் தெளிவாகிவிட்டது, இரண்டு கல்லுக்கும் மணல் கொடுத்தவை ஒரே மலைகள். இரண்டு நிலம் என்று பிரித்தது நான்தான்.

அவள் என்னைக் கேலி செய்திருக்கலாம், அதற்கு உரிமை இருந்தது. "உடுங்க்கா, சாப்பிட்டுட்டு வரலாங்க" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டு வந்ததும் கணினியில் இரண்டு நிலம் என்று எழுதிய அத்தியாயத்தைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். தலைப்பு மட்டும் தப்பியது. அதையும் அழித்தேன்.

பிறகு அம்மாவுக்கு போன் செய்தேன்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்மா."

ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

"ஆகட்டும்த்தா. காய் லோடு வந்து எறங்கிருக்கு, போயி உக்காரணும். வச்சிரவா?"